இடுப்பிலிருந்து பெருவிரல் வரை

தம்பி,

போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை எடுத்தேன். "சாப்பிட்டியா" என்பதைத் தாண்டி வாய் வரவில்லை. அப்பா, "வாய்ஸ் மெசேஜ் அனுப்பிரு, சோலி முடிஞ்சது" என்கிறார். முப்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்று கத்தியவளுக்கு வாய்க்கு என்ன பஞ்சம் என்று அவருக்கு நினைப்பு. எனக்கு எழுதினால்தான் ஒழுங்காக வரும். பீரோவில் கிடந்த பழைய விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் எழுதாத பக்கங்களைக் கிழித்து எழுதுகிறேன். ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் படம் வரைய வெற்றுத்தாள். படம் வரைய மாட்டேன், பயப்படாதே.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று நான் எழுமலைக்குப் போய், உன் காலைப் பற்றிய உண்மையைப் பெண் வீட்டில் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் போனேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். நான் எழுதிச் சொல்லும் வரை யாரும் உன்னைக் கூப்பிட வேண்டாம் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். அங்கே என்ன நடந்தது என்பதை வரிசையாகத்தான் சொல்வேன். நீ எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற ஆள். இந்த ஒரு முறை பொறுமையாகப் படி.

பூ வைக்கப் போன அன்று நடந்தது உனக்கு நினைவிருக்கும். சுகன்யாவுக்குப் பூ வைத்து, தட்டு மாற்றி, அடுத்த மாதத்தில் தேதியும் குறித்தாயிற்று. சாப்பிட்டு எழுந்து நீ கை கழுவப் போகும்போது அவளுடைய தாய்மாமன் உன் நடையைக் கவனித்துவிட்டார். தகப்பன் இல்லாத அந்தப் பெண்ணுக்கு எல்லாமே அவர்தான். "மாப்ள இடது கால லேசா இழுக்குறாப்ல தெரியுதே டீச்சரம்மா?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். நான் மூச்சுக்கூட விடாமல், "ப்ளஸ் டூ படிக்கும்போது பைக்ல விழுந்துட்டாண்ணே, எலும்பு கொஞ்சம் கோணலா ஒட்டிருச்சு" என்றேன். நீ கையில் தண்ணீர் சொட்ட நின்று என்னைப் பார்த்தாய். திரும்பி வரும்போது செக்கானூரணி தாண்டிய பிறகுதான், "அம்மா, எனக்கு பைக் ஓட்டவே தெரியாதே" என்றாய். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்ததோடு விஷயம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்கிறாயா? பைக்கில் விழுந்தவன் என்றால் நம் பக்கத்தில் அது ஆண்பிள்ளைக்கு ஒரு குறையே இல்லை. வீட்டுக்கு ஒருவன் விழுந்திருப்பான். நரம்பு நோய் என்று வாயெடுத்தால் கதை வேறு. பஸ் ஸ்டாண்டு சுவரில் 'நரம்புத் தளர்ச்சியா?' என்று ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியர் நோட்டீஸ்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். பரம்பரையா, பிள்ளைகளுக்கும் வருமா, நாளைக்குப் படுத்துவிடுவானா என்று கேட்பார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது. அந்தப் பாடத்தைச் சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன். ஆனாலும் வாய் பைக் என்றது. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். நம் வீட்டில் வாத்தியாரே மக்கு.

இன்னொரு தப்பையும் சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக நீ அதை ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. அதனால் நானே சொல்கிறேன். ப்ளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் கூட்டாளிகளோடு காளவாசலில் எதையோ தின்றுவிட்டு வந்து மூன்று நாள் வயிற்றுப்போக்கில் கிடந்தாய். அது சரியாகிவிட்டது. அப்புறம் ஒரு காலையில், "அம்மா, கால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றாய். மறுநாள், "செருப்பு கழண்டு விழுறதே தெரிய மாட்டேங்குதும்மா" என்றாய். நீ ஏற்கெனவே அக்கவுண்டன்சி ட்யூஷனுக்கு டிமிக்கி கொடுத்துப் பிடிபட்டவன். ஒரு வாரம் தலைவலி, ஒரு வாரம் பல்வலி. இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன். மூன்றாம் நாள் நானே உன்னை இழுத்துக்கொண்டு போனேன். ட்யூஷன் மாடிப்படியில் நாலாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "முடியலம்மா, கால் ஏற மாட்டேங்குது" என்றாய். "நடிக்காதடா" என்றேன். கீழே சைக்கிள் நிறுத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் காதில் விழும்படி சொன்னேன். நீ இன்னும் இரண்டு படி ஏறினாய். மூன்றாவதில் மடங்கி விழுந்தாய்.

தபால் ஆபீஸிலிருந்து அப்பா ஓடிவந்து உன்னை முதுகில் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் உன்னைக் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்து, முட்டிக்குக் கீழே ரப்பர் சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை. மறுபடி தட்டினார். அசையவில்லை. அந்த வாரம்தான் பதினொன்றாம் வகுப்பில் அதே முட்டிக்காலைப் பலகையில் வரைந்திருந்தேன். தட்டினால் சேதி முதுகுத்தண்டுக்குப் போகும். மூளையைக் கேட்காமலே முதுகுத்தண்டு திருப்பிச் சேதி அனுப்பும், கால் உதறும். அவ்வளவு தெரிந்தும் அங்கே நின்றுகொண்டு, "பரீட்சை பயத்துல நடிக்கிறானோன்னு நெனச்சேன் டாக்டர்" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இத யாராலயும் நடிக்க முடியாதும்மா" என்றார்.

நீ காமர்ஸ் எடுத்தவன். என் பாடத்தில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. உன் காலுக்கு என்ன ஆயிற்று என்பதை யாரும் உட்கார்ந்து உனக்குச் சொல்லவும் இல்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான். நாளைக்கு உன் பிள்ளை, "ஏம்ப்பா இப்படி நடக்குற" என்று கேட்கும்போது பைக் கதை சொல்லாமல் இருக்கவாவது இதைத் தெரிந்துகொள். இதை வைத்து வாழ்க்கைத் தத்துவம் எதுவும் பேச மாட்டேன்.

உடம்பில் மற்ற செல்கள் பலவும் உருண்டையாகவோ செங்கல் மாதிரியோ இருக்கும். நரம்பு செல் அப்படி இல்லை. அதற்கு ஓர் உடல் உண்டு, அதற்குள் உட்கரு. உடலிலிருந்து மரக்கிளை மாதிரி சின்னச் சின்னக் கிளைகள் பிரிந்திருக்கும். டென்ட்ரைட்டுகள் என்று பெயர். மற்ற செல்கள் சொல்வதை வாங்கிக்கொள்வது பெரும்பாலும் இவைதான். இன்னொரு பக்கம் ஒரே ஒரு நீளமான இழை கிளம்பும். அது ஆக்சான். செல் சொல்ல வேண்டியதை அது எடுத்துக்கொண்டு போகும். உன் பாதத்தைத் தூக்குகிற தசைக்குக் கட்டளை கொண்டு வரும் செல்லின் உடல் முதுகுத்தண்டுக்குள் இருக்கிறது. இழை மட்டும் தொடை, முட்டி எல்லாம் தாண்டி வருகிறது. விரலில் முள் குத்தினால் சேதி சொல்லும் செல் இன்னும் நீளம். அதன் உடல் முதுகெலும்பை ஒட்டி இருக்கும். இழை கண்ணுக்கே தெரியாத தடிமன். ஆனால் இடுப்பிலிருந்து பெருவிரல் வரை ஒரே செல், கிட்டத்தட்ட ஒரு மீட்டர். முப்பது வருடம் நடத்தியும் இந்த ஒன்று மட்டும் எனக்குச் சலிக்கவே இல்லை.

ஒயரில் கரண்ட் போவது மாதிரி இதில் சேதி போகும் என்று பிள்ளைகள் எழுதுவார்கள். நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன். செல்லைச் சுற்றி ஒரு சவ்வு. அதற்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். சும்மா இருக்கும்போது உள்பக்கம் கொஞ்சம் எதிர்மின் நிலையில் இருக்கும். தூண்டல் வந்ததும் சவ்வில் இருக்கும் குட்டிக் கதவுகள் திறந்து சோடியம் உள்ளே பாயும். அந்த இடத்தில் மின்நிலை தலைகீழாகும். அதனால் பக்கத்து இடத்துக் கதவுகள் திறக்கும். பின்னாலேயே பொட்டாசியம் வெளியேறி, திறந்த இடம் பழையபடி ஆகிவிடும். இப்படிப் போகிற வழியெல்லாம் சேதி புதிது புதிதாக உண்டாவதால் அது தேய்வதில்லை. தூண்டல் ஓர் அளவைத் தாண்டினால் சேதி முழுசாகப் போகும். தாண்டாவிட்டால் போகவே போகாது. பாதிச் சேதி என்று ஒன்று கிடையாது. பலமாகக் குத்தினால் சேதி பெரிதாகாது, அடிக்கடி வரும், அவ்வளவுதான்.

இந்த இழைகள் பலவற்றின் மேல் மயலின் என்று கொழுப்பாலான ஓர் உறை சுற்றியிருக்கும். ஒரே நீளமாக இல்லாமல் கரும்பு மாதிரி இடையிடையே கணு விட்டுச் சுற்றியிருக்கும். கதவுகள் அந்தக் கணுக்களில்தான் கூட்டமாக இருக்கும். அதனால் சேதி கணுவுக்குக் கணு தாவிப் போகும். காளவாசலில் கிளம்பி வழியெல்லாம் நிற்கிற டவுன் பஸ்ஸுக்கும், நேரே உசிலம்பட்டியில் போய் நிற்கிற பஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம்தான். உன் வயிற்றில் புகுந்த கிருமியை விரட்ட உடம்பு ஒரு படையைக் கிளப்பியது. கிருமி போன பிறகும் அந்தப் படை அடங்கவில்லை. நரம்பின் உறையைப் பார்த்து இதுவும் எதிரி என்று நினைத்து உரித்துவிட்டது. அன்றைக்கு அந்த மாடிப்படியில் உன் மூளை 'ஏறு' என்றுதான் சொன்னது. முதுகுத்தண்டும் சொன்னது. சேதி வழியிலேயே நின்றுவிட்டது. நாலாவது படிக்கு மேல் நீ ஏறிய இரண்டு படியும் எப்படி ஏறினாய் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அப்புறம் வந்த நாட்களில் பயமெல்லாம் மூச்சைப் பற்றித்தான். உறை உரிவது நெஞ்சுத் தசைக்குப் போகும் நரம்பு வரை ஏறிவிட்டால் மெஷின் வைக்க வேண்டும் என்றார்கள். டாக்டர் காலையும் மாலையும் வந்து உன்னை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு எண்ணச் சொல்வார். முதல் நாள் முப்பத்து நாலு வரை போனாய். அடுத்த நாள் இருபத்திரண்டு. மூன்றாம் நாள் மாலை பதினாலில் நின்றுவிட்டாய். பதினைந்தை நான் எனக்குள் சொன்னேன், ஏதோ நான் சொன்னால் உனக்குச் சேரும் என்பது போல. மருந்து ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக ஏறியது. பிறகு பதினாறு, இருபது, இருபத்தெட்டு. உறை சுற்றுகிற செல்கள் மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டன என்றார் டாக்டர். ஐந்தாம் மாதம் நடந்தாய். இடது காலில் மட்டும் சில இழைகளே அறுந்துபோனதால் கொஞ்சம் பாக்கி நின்றுவிட்டது. முன்பாதம் முழுசாகத் தூக்காது. பாதத்திலும் விரல்களிலும் உணர்ச்சி மட்டு. நீ வீடு வந்த பிறகு தினமும் ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தேன். 'நடிக்காதடா' என்று சொன்னதற்கு மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. நம் வீட்டில் மன்னிப்பை ஆப்பிளாக நறுக்கித்தான் கொடுப்போம்.

அந்த உணர்ச்சிக் குறைவு எவ்வளவு பொல்லாதது என்று எனக்குத் தெரிந்தது நீ காலேஜ் படிக்கும்போது. திருப்பரங்குன்றத்தில் வெறுங்காலோடு மலையைச் சுற்றிவிட்டு வந்து ஹாலில் அங்குமிங்கும் நடந்தாய். நீ நடந்த இடமெல்லாம் சிவப்புத் தடம். பாதத்தில் விரல் நகம் அளவுக்குக் கண்ணாடிச் சில். "எங்க குத்துச்சுன்னே தெரியலம்மா" என்று சாவகாசமாகச் சொன்னாய். அன்றிலிருந்து குளித்ததும் பாதத்தைக் கையால் தடவிப் பார் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. வேலைக்கென்று கோயம்புத்தூருக்குப் போன பிறகு பார்க்கிறாயா இல்லையா என்று தெரியவில்லை. பார். சாக்ஸைத் திருப்பி உதறிவிட்டுப் போடு. கல்யாணத்துக்கு வாங்கும் செருப்பு புதுசு என்பதற்காகக் கடிக்கிறதைப் போட்டுக்கொண்டு நிற்காதே.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சுகன்யாவின் மாமன் போன் பண்ணினார். குரலில் அவ்வளவு சந்தோஷம். "டீச்சரம்மா, நம்ம பக்கம் ஒரு எலும்பு வைத்தியர் இருக்காரு. கோணலா ஒட்டுன எலும்ப எண்ணெ போட்டு நீவி, மூங்கிப் பத்தை வச்சு இறுக்கிக் கட்டுனா பதினஞ்சே நாள்ல நேராயிருமாம். மாப்ள மணவறைக்கு ராசா கணக்கா நடந்து வரணும்ல? மாப்ளட்டயும் பேசிட்டேன். அடுத்த வெள்ளி வாரேன்ட்டாக" என்றார். உடனே உன்னைக் கூப்பிட்டேன். "ஏண்டா சரின்ன? இறுக்கிக் கட்டி ரத்தம் நின்னாக்கூட உனக்குத் தெரியாதேடா. விரலே போயிரும்டா" என்று கத்தினேன். நீ கத்தவில்லை. "தெரியும்மா. பதினஞ்சு நாள்தான? ரூமுக்கு வந்து கொஞ்சம் தளத்திக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னாடி நீ பொய் சொன்னதா ஆயிரக் கூடாதுல்ல, விடு" என்றாய்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ உண்மையைச் சொன்னபோது நான் நம்பவில்லை. நான் பொய் சொன்னபோது அதைக் காப்பாற்ற நீ உன் காலையே கட்டக் கொடுக்கிறாய். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்குப் பெருமைப்படுவதா, இப்படி வளர்த்ததற்கு என்னை நானே அறைந்துகொள்வதா என்று தெரியவில்லை.

நேற்று காலை பஸ் ஏறினேன். அப்பா, "நானும் வாரேன்" என்று சட்டையை மாட்டினார். வேண்டாம் என்றேன். பொய் சொன்ன வாய்தான் போக வேண்டும். உன் பழைய ஆஸ்பத்திரி பைலை மடியில் வைத்துக்கொண்டு, உசிலம்பட்டியில் பஸ் மாறி, எழுமலை போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருக்கும் சுகன்யா, நான் வருகிறேன் என்றதும் அரைநாள் லீவு போட்டு வந்திருந்தாள். சேலை எடுப்பதைப் பற்றிப் பேச வருகிறேன் என்று நினைத்தார்களாம். நான் உட்காரவில்லை. "அண்ணே, மன்னிக்கணும். என் மகன் பைக்ல விழல. நான் பொய் சொன்னேன்" என்று ஆரம்பித்து, மாடிப்படி முதல் மூச்சு எண்ணியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். 'நடிக்காதடா' என்று கத்தியதையும் விடவில்லை.

மாமனின் முகம் சுருங்கிப்போயிற்று. "இம்புட்டு நாளா எலும்பு எலும்புன்னு நாலு பேர்ட்டச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. படிச்சவுக, நீங்களே இப்படிப் பண்ணலாமா டீச்சரம்மா?" என்றார். "பண்ணக் கூடாதுண்ணே" என்றேன். வேறு என்ன சொல்வது? சுகன்யாவின் அம்மா மெதுவாகக் கேட்டார்: "நாளைக்குப் பிள்ளைகளுக்கு வந்துருமா மதினி?" "இது பரம்பரையா வர்ற நோய் இல்ல. அவனுக்கே திரும்ப வர்றதும் அபூர்வம். ஆனா வரவே வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது" என்றேன். "யோசிச்சுச் சொல்றோம்" என்றார். அந்த வார்த்தைக்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். கல்யாணம் முறிந்தது என்று நினைத்துப் பையை எடுத்தேன். என் வாயால் உன் வாழ்க்கை இரண்டாம் முறை கெட்டது என்றுதான் நினைத்தேன்.

சுகன்யா அதுவரை பைலை ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். "கட்டுப் போட்டா ஆபத்துன்னு அவுகளுக்குத் தெரியும்ல அத்தை? அப்புறம் ஏன் சரின்னாக?" என்றாள். நீ போனில் சொன்னதை அப்படியே சொன்னேன். பைலை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, "அவுக கால் எனக்குப் பெருசில்ல அத்தை. அடுத்தவுக பொய்க்குத் தன் கால நீட்டுற பழக்கம் இருக்கு பாருங்க, அதுதான் பயமா இருக்கு. வலிச்சா வலிக்குதுன்னு எங்கிட்டச் சொல்லணும். நான் தப்புப் பண்ணுனாலும் தப்புன்னு சொல்லணும். சொல்லுவேன்னு அவுக வாயால சொல்லட்டும், எனக்குச் சம்மதம்" என்றாள். அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமன் கொஞ்சம் முறைத்துக்கொண்டே இருந்துவிட்டு, "அவ சொல்லிட்டா அம்புட்டுத்தேன்" என்று வாசலுக்குப் போய் வைத்தியருக்குப் போன் போட்டார். "எண்ணெய காச்ச வேணாம்ணே" என்றது உள்ளே எனக்குக் கேட்டது.

ஆக, சேதி இப்போது உன்னிடம் வந்து நிற்கிறது. பாடத்தில் ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டிருந்தேன். ஆக்சான் முடிகிற இடத்தில் அடுத்த செல் ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. நடுவில் மிகச் சின்ன இடைவெளி இருக்கும், சினாப்ஸ் என்று பெயர். அவ்வளவு தூரம் ஓடிவந்த மின்சேதி அங்கே நின்றுவிடும். அந்த முனையில் இருக்கும் குட்டிப் பைகள் ஒரு ரசாயனத்தை இடைவெளியில் கொட்டும். அந்தப் பக்கம் அதை வாங்கிக்கொள்கிற இடம் இருந்தால்தான் சேதி தொடரும். இல்லாவிட்டால், அனுப்பியவன் மேல் தப்பே இல்லை, ஆனாலும் போய்ச் சேராது. தத்துவம் பேச மாட்டேன் என்று சொன்னேன். பேசவில்லை.

இதைப் படித்து முடித்ததும் சுகன்யாவைக் கூப்பிடு. எனக்காக எதையும் பூசி மெழுகாதே. அப்புறம், தம்பி, அந்த மாடிப்படியில் நீ சொன்னதுதான் உண்மை. நான் சொன்னதுதான் பொய். உன் கூட்டாளிகள் முன்னால் சொன்னேன், அதனால் இப்போது எழுமலையில் மூன்று பேர் முன்னால் திருப்பிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். என்னை மன்னித்துக்கொள்.

சனிக்கிழமை வீட்டுக்கு வா. வந்ததும் கால் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். 'நல்லாருக்கும்மா' என்று உன் வாயில் ரெடியாக இருக்கும். அதைச் சொல்லாதே. எப்படி இருக்கிறதோ அதைச் சொல். நான் ஆப்பிள் நறுக்க எழுந்து போக மாட்டேன். உட்கார்ந்து கேட்பேன்.

அம்மா